வட்டல் சத்தத்துக்கு ஓடாத குட்டி

நம் வயதுக்காரிகள் நிறையப் பேர் இப்போது நாய் வளர்க்கிறீர்கள். சோபாவில் உங்கள் மடியில் அது படுத்திருக்கும் படம்தான் காலையில் போனைத் திறந்ததும் எனக்கு முதலில் தெரிகிறது. ஒருத்தி அதற்குப் பிறந்தநாள் கேக்கே வெட்டியிருந்தாள். கிண்டல் செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஜாதி நாய் இல்லை, கிராஸ். முன்னால் இருந்து பார்த்தால் பங்களா நாய், பின்னால் இருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் நாய்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. வீடு உட்பட எல்லாமே தோட்டத்துக்காரருடையது. அப்பா அங்கே தண்ணீர் கட்டுவார், காவலும் இருப்பார். அம்மா களை எடுப்பார், தக்காளி பறிப்பார். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு தூரம் போனவள் நான்தான். அதில் எனக்கு அப்போதே கர்வம் உண்டு. இப்போதும் குறையவில்லை.

அந்த வருஷம் தோட்டத்துப் பழைய நாயைப் பாம்பு தீண்டிவிட்டது. அடுத்தது சின்ன நாயாக இருக்க வேண்டும் என்று தோட்டத்துக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய நாய் யானையைக் கண்டால் எதிர்த்துப் போய் மிதிபட்டுச் சாகும், சின்ன நாய் வாசலில் நின்றபடியே ஊரைக் கூட்டும் என்பார். யானை வேலிக்கு வரும்போதே தெரிந்துவிட்டால் பட்டாசை எடுக்க நேரம் கிடைக்கும்.

அவருடைய மகள் வடவள்ளியில் குடியிருந்தார். அந்த அக்கா வீட்டில் ஒரு பொமரேனியன் இருந்தது. கேட் திறந்திருந்த ஏதோ ஒரு நாளில் தெருநாய் உள்ளே வந்துபோனதில் அது நாலு குட்டி போட்டுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டிகளைக் காரில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மரப்பலகை அடித்த தக்காளிப் பெட்டி ஒன்றில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் கிரேட் ஆகிவிட்டது. அந்த மரப்பெட்டியின் புளித்த தக்காளி வாசமும் குட்டிகளின் பால் வாசமும் கலந்து வந்தது இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"எல்லாங் கிராஸுங்கப்பா. கேக்கறக்கு ஆளில்லைங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க பாத்துப் பாத்துச் சிரிக்கறாங்க" என்றார் அந்த அக்கா.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க அம்மணி. கிராஸ்தான் கெட்டியா நிக்கும்" என்றார் தோட்டத்துக்காரர்.

நாய் பொறுக்குவதில் அவருக்குச் சுற்று வட்டாரத்தில் நல்ல பெயர். முதலில் ஒவ்வொன்றையும் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். வீல் என்று கத்தினால் அது கோழை. இரண்டு கத்தின. அடுத்த சோதனைக்கு எங்கள் வீட்டிலிருந்து சோறு தின்னும் வட்டலையும் கரண்டியையும் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்தார். குட்டிகளைத் தரையில் விட்டுவிட்டு, அவற்றின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று வட்டலில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

மூன்று குட்டிகள் மூன்று திசையில் ஓடின. செம்மண் நிறத்தில் இருந்த ஒன்று நேராக வந்து என் பாவாடைக்குள் புகுந்துகொண்டது. அதன் நெஞ்சு என் காலில் படபடவென்று அடித்தது. எனக்கு அதுதான் வேண்டும் என்று அந்த நொடியே முடிவாகிவிட்டது.

நாலாவது குட்டி, முழு வெள்ளை, அசையவே இல்லை. பெட்டியின் பலகை ஓரத்தை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு அடி அடித்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாத்தியாப்பா! இது நாயி!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார் தோட்டத்துக்காரர். "இத்தனை நாயி பாத்திருக்கறேன், இந்தத் தைரியம் பாத்ததில்ல. டைகருன்னு பேரு வெச்சுக்க."

"ஆமாங்க மொதலாளி, மெரளவே இல்லீங்களே" என்றார் அப்பாவும், வாய் கொள்ளாத சிரிப்போடு.

"அப்பா, எனக்கு இதுங்கப்பா" என்று என் காலடியில் இருந்ததைக் காட்டினேன்.

"சும்மா இரு கண்ணு. அது பயந்தாங்கொள்ளி."

போவதற்கு முன் தோட்டத்துக்காரர் ஒன்று சொன்னார். "உங்க ஊட்டுலயே வெச்சுச் சோறு போடு. காவலுக்கு ஆச்சுன்னா இருக்கட்டும். ஆகலீன்னா காய் வண்டியில ஏத்தி மார்க்கெட்டுல எறக்கி உட்டர்லாம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லா உயிருக்கும் அதுதான் விதி. கறக்கிற மாடு இருக்கும், உழுகிற மாடு இருக்கும், கத்துகிற நாய் இருக்கும். சும்மா ஒரு உயிரை வைத்துக்கொள்வது காம்பவுண்டு சுவர் இருக்கிறவர்களின் காரியம்.

ஆகவே டைகரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் வாரம் அதன்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. ஆனால் அதன் வேலையெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. தக்காளிப் பெட்டியில் என் கிழிந்த யூனிஃபார்ம் பாவாடையை விரித்துப் படுக்கை போட்டேன். ராகிக்கூழைப் பாலில் கரைத்து விரலில் தொட்டு நக்கவைத்தேன். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டி, காதுக்குள் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய்ச் சிரட்டையில் போட்டேன். தினமும் ஒரு உயிரின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதன்மேல் எத்தனை நாளைக்குக் கோபமாக இருக்க முடியும்? மாதம் முடிவதற்குள் நான் வாலைப் பிடித்தால் அதற்கும், அது பாவாடையைப் பிடித்தால் எனக்கும் கோபம் வராது என்று ஆகிவிட்டது.

வளர வளர அதன் புகழும் வளர்ந்தது. அம்மா புதிதாகக் குக்கர் வாங்கியிருந்தார். விசில் அடித்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரு குதி குதிப்போம். அடுப்புக்குப் பக்கத்தில் டைகர் காலை நீட்டித் தூங்கும். தீபாவளிக்கு ஊர் நாய்கள் எல்லாம் வண்டிக்கு அடியில் போய் ஒளிந்தன. டைகர் வெடிக்கிற இடத்துக்கே போய் நெருப்புப் பொறியைப் பார்த்து வாலாட்டியது. யானை விரட்ட வந்த வனத்துறைக்காரர்கள்கூட, "இத எங்களுக்குக் குடுத்துருங்க" என்று கேட்டார்கள். தோட்டத்துக்காரர் டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒரே ஒரு குறை. அது காவல் காக்கவில்லை. யாராவது கண்ணெதிரில் வந்தால் குரைக்கும். காற்றில் ஆடுகிற தென்னை மட்டையின் நிழலைப் பார்த்தும் குரைக்கும். பின்னால் பத்துப் பேர் வந்து நின்றாலும் திரும்பாது. கூப்பிட்டாலும் வராது.

"திமிரு. பொம்மேரியன் ரத்தமில்ல, அது அப்படித்தான்" என்றார் அப்பா.

"ஆமா, அவிங்கம்மா சோபாவுல படுத்தவ. நம்ம கூப்புட்டா வருமாக்கும்" என்றார் அம்மா.

அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. பேச்சுக்கு மதிப்புக் கொடுக்காதவர்களை அவர்கள் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருந்தார்கள். அப்படி இன்னொன்று என்று எண்ணிக்கொண்டார்கள்.

தோப்பில் தேங்காய் போடும் நாள் வந்தது. மரமேறுகிறவர்கள் குலைகளை வெட்டித் தள்ள, ஒவ்வொரு காயும் தொம்மென்று விழும். எனக்குப் பள்ளி லீவு. தூரத்தில் நிழலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் அரசாங்கம் கொடுத்த டிவி அலறிக்கொண்டிருந்தது. டைகர் என் பக்கத்தில் தூங்கியது. கிட்டத்தில் ஒரு காய் விழுந்தது. டைகர் துள்ளி எழுந்து சுற்றிலும் பார்த்தது. மறுபடி படுத்தது. இன்னொரு காய். மறுபடி எழுந்தது.

வெடிக்கு எழாதது தேங்காய்க்கு ஏன் எழுகிறது? குக்கருக்கு எழாதது?

வாய்ப்பாடு நின்றுபோனது. வீட்டுக்குப் போய் அதே வட்டலையும் கரண்டியையும் எடுத்துவந்து, அதன் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தேன். ஒன்றும் இல்லை. காதோடு ஒட்டிப் போய் "டைகர்" என்று கத்தினேன். ஒன்றும் இல்லை. வட்டலைக் கீழே வைத்துவிட்டுக் குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு உதை விட்டேன். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்து வாலாட்டியது.

அது சத்தத்துக்கு எழவில்லை. தரை அதிர்ந்ததற்கு எழுந்தது.

மோட்டார் ரூமுக்கு ஓடினேன். "அப்பா, டைகருக்குக் காது கேக்காதுங்கப்பா!"

அப்பா டைகரைப் பார்த்தார். "காது ரெண்டும் கொம்பாட்ட நிக்குது. கேக்காதாமா?"

அடுத்த வாரம் அதற்கு வெறிநாய்க்கடி ஊசி போடக் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். மாடுகளும் ஆடுகளும் நின்ற வரிசையில் நான் மட்டும் நாயைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "ஏனம்மணி, ஆட்டுக்குட்டிய மொட்டையடிக்காம உட்டுட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே ஒரு டாக்டரம்மா இருந்தார். பெண் டாக்டர் ஒருவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றுதான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். படித்தவர்கள் முன்னால் அவர் அப்படித்தான் நிற்பார். அதனால் நானே பேசினேன். குக்கரைச் சொன்னேன், வெடியைச் சொன்னேன், தேங்காயைச் சொன்னேன்.

டாக்டரம்மா டைகரின் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினார், கை தட்டினார். பிறகு அப்பாவிடம், "பொறந்ததுல இருந்தே கேக்காதுங்க. முழு வெள்ளையாப் பொறக்கறதுல சிலதுக்கு இப்படி இருக்கும். யாரு கண்டுபிடிச்சது?" என்றார்.

அப்பா கட்டிய கையை அவிழ்த்தார். "எம் பொண்ணுங்க. நாலாவது படிக்கிறாளுங்க."

அந்த வாக்கியத்தை அவர் சொன்ன விதத்துக்காகவே நான் அதற்கு மேலும் படித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

"மருந்து இருக்குங்களா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லீங்க. வெச்சுக் காப்பாத்துனா நல்லாவே இருக்கும். ரோட்டுல மட்டும் உட்றாதீங்க. வண்டி வர்றது தெரியாது, ஒரு நாளுத் தாங்காது."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் உற்சாகமாக இருந்தேன். கண்டுபிடித்தவள் நான் அல்லவா? அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார். "திமிருன்னா அடிச்சாவது பழக்கலாம் கண்ணு. காதே இல்லீன்னா காவலுக்கு ஆகாதே. மொதலாளிக்குத் தெரிஞ்சா வண்டியேத்தச் சொல்லிருவாரு." என் கண்டுபிடிப்பே டைகருக்கு எதிராகத் திரும்பிவிட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மடியில் அது நிம்மதியாகத் தூங்கியது.

அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "மொதலாளி சொல்றதக் கேட்டுக் கேட்டே நம்ம ரெண்டு பேரு காதும் தேஞ்சு போச்சு. இந்த ஊட்டுல ஒண்ணாவது கேக்காம இருக்கட்டும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

மோட்டார் ஓடும்போது தோட்டத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் தண்ணீர் கட்டுகிறவர்களுக்குக் கையே வாய். கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா. இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் போதும், நிறுத்து. உள்ளங்கையைத் தரைக்கு அமுக்கினால் அங்கேயே இரு. பிறந்ததிலிருந்து நான் பார்த்துவந்த பாஷை அது. அதையே டைகருக்குச் சொல்லிக்கொடுத்தேன். டீக்கடையில் வாங்கிய வர்க்கியைப் பொடித்து மடியில் கட்டிக்கொண்டு, தரையை உதைத்துத் திரும்பவைத்து, கையைக் காட்டி, வந்தால் ஒரு துணுக்கு. பள்ளி விட்டு வந்ததும் தினமும் இதுதான். வர்க்கியில் பாதியை நானே தின்றேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் மாலை அப்பா தக்காளிக் காட்டின் கடைசி வரப்பில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்துக் கையை நெஞ்சுக்கு இழுத்தார். அம்மா குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. டைகர் பார்த்தது. பாத்திக்கு நடுவே வெள்ளைப் பந்து மாதிரி பறந்துபோய் அப்பாவின் காலடியில் நின்றது.

அப்பா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். உள்ளங்கையைத் தரைக்கு அமுக்கினார். டைகர் உட்கார்ந்தது. தள்ளிப் போய் நின்று கையை இழுத்தார். வந்தது. இன்னும் தள்ளிப் போனார். அன்று தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டது.

"நா நிமிர்றதுக்குள்ள அது போயிருச்சே! ஏனுங்க, இனி களையும் அதையே எடுக்கச் சொல்லுங்க" என்று அம்மா அங்கிருந்து கத்தினார்.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. தோட்டத்துக்காரர் பைக்கில் பால் கேனைக் கட்டிக்கொண்டு தோப்பு வழியில் வந்தார். வழியின் நடுவே டைகர் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ஹாரன் அடித்தார். இன்னும் அடித்தார். எழுந்துவிடும் என்ற நம்பிக்கையில் கடைசிவரை வந்துவிட்டு, கடைசி நொடியில் ஹேண்டில்பாரை ஒடித்தார். பைக்கும் பாலும் அவரும் வாய்க்காலுக்குள் போனார்கள். தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார்கள். அடி ஒன்றும் படவில்லை. வெள்ளை வேட்டிதான் இடுப்புவரை சேறு.

"இந்த நாயி வேண்டாம். நாளைக்கு வண்டி வரும்போது ஏத்திரு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தே போனார்.

அப்பா "சரீங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் "சரீங்க" எனக்குப் புதிதில்லை. அதற்கு மேல் அவர் ஏதும் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

காலையில் காய் வண்டி வந்தது. தக்காளியும் கத்தரியும் ஏறின. தோட்டத்துக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, பள்ளிக்குப் போகாமல், டைகர் படுத்திருந்த இடத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. டிரைவர் பின்கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு, "நாயி ஒண்ணு ஏறோணும்னீங்க?" என்றார்.

அப்பா துண்டைத் தோளில் இருந்து எடுத்தார், பிறகு மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"மொதலாளி, அதுக்குக் காது கேக்காதுங்க. பொறவியிலேயே கேக்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நேத்து அது வேணும்னு படுத்திருக்கலீங்க."

தோட்டத்துக்காரர் டைகரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வட்டல் தட்டியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆனது. "அப்பப் பாவந்தான். ஆனாக் காது கேக்காத நாயி காவலுக்கு எப்படியப்பா ஆகும்?"

"காவலுக்கு ஆகாதுங்க. நீங்க வேறொண்ணு புடிச்சுக் குடுங்க, அதையும் பாத்துக்கறேன். இது எங்க ஊட்டுல இருக்கட்டுங்க."

"காவல் காக்காத நாயி உனக்கெதுக்கப்பா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. தோட்டத்தில் கூலிக்கு இருக்கிற ஒருவருக்குச் சும்மா ஒரு நாய் எதற்கு?

அப்பா யோசிக்கவில்லை. "வடவள்ளியில நம்ம அம்மணி எதுக்கு நாயி வெச்சிருக்காங்களோ, அதுக்குத்தானுங்க."

டிரைவர் கதவைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கத்தரிக்கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தோட்டத்துக்காரர் அப்பாவை, முதல்முறை பார்க்கிற மாதிரி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டில் தட்டி, "நேரமாச்சு, எடப்பா" என்றார்.

அதற்குப் பிறகு டைகர் எங்களோடு இருந்தது. தோட்டத்தை விட்டு நாங்கள் வாடகை வீட்டுக்குப் போனபோதும் வந்தது. நான் கல்லூரி விடுதிக்குக் கிளம்பியபோது என் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. அது வயதாகி, என் கைக்குள்ளேயே போன நாளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. குட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடுத்துவந்த பிறகு அது எதற்குத் திரும்பிப் பார்க்கிறது என்று கவனியுங்கள்.

அந்தக் காலையில், வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். டைகர் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நடந்ததில் எதுவும் அதற்குத் தெரியாது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போய், அது மிரளாதபடி குதிகாலால் தரையை மெல்லத் தட்டினார். கண்ணைத் திறந்து வாலை ஆட்டியது.

"டைகர், வாடா. சோறு திங்கலாம்."

"அப்பா, கையக் காட்டோணுங்கப்பா. வாயில சொன்னா அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாட்டிப் போகுது கண்ணு. நம்ம ஊட்டு நாயி. பேரு சொல்லிக் கூப்புடோணுமில்ல?"

இன்னொரு முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகுதான் கையை நெஞ்சுக்கு இழுத்தார்.